ஒரே சட்டி, காரம் தட்டில்: பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு வார நாள் இரவுச் சாப்பாடு

பாலர் பள்ளியிலிருந்து சின்னவனையும் மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து பெரியவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கதவைத் திறக்கும்போதே மணி ஆறரையோ ஏழோ ஆகிவிடும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மூன்று, நான்கு, ஐந்து என்று பிள்ளைகள் உள்ள வீடுகளை மனத்தில் வைத்துதான் எல்லா அளவும் சொல்லப்போகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்தால்தான் வீட்டுப்பாடம், குளியல், படுக்கை எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும்.

ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பில் உண்மையிலேயே தேவைப்படுவது 20 அல்லது 25 நிமிடம்தான். மீதி நேரத்தை மூன்று வேலைகள் தின்றுவிடுகின்றன: என்ன செய்வது என்று யோசிப்பது, வெங்காயம் உரித்து நறுக்கி வதக்குவது, அப்புறம் ஆளுக்கொரு சமையல் செய்வது. சின்னவனுக்குக் காரமில்லாமல் ஒன்று, மீன் பிடிக்காதவளுக்கு முட்டை, பெரியவர்களுக்கு உறைப்பாக ஒரு குழம்பு. இந்த மூன்றாவது பழக்கத்தை விட்டாலே பாதி பாரம் இறங்கும். குழம்பைக் காரமில்லாமல் ஒரே சட்டியில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் தங்கள் தட்டில் காரம் சேர்த்துக்கொள்ளட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் அளவு

ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லி லிட்டர். அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். பெரியவர் ஒருவருக்கு முக்கால் கப், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரை கப், மூன்று வயதுக் குழந்தைக்குக் கால் கப் என்று வைத்துக்கொள்ளலாம். உயர்நிலைப்பள்ளிக்குப் போகும் பையன் விளையாட்டுப் பயிற்சி முடித்து வந்த நாளில் பெரியவரைவிட அதிகம் சாப்பிடுவான். அவனுக்கு ஒரு கப் போடுங்கள். பெற்றோர் இருவர், தொடக்கப்பள்ளியில் இருவர், உயர்நிலையில் ஒருவன், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒன்று என்றால் நாலு கப் வரும். இதற்கு 1.8 லிட்டர் குக்கர் இருந்தால் தாராளம். மிகச் சிறிய குக்கரை வைத்துக்கொண்டு இரண்டு முறை சோறு வடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஒரு சாமானை மாற்றினாலே மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

வாரம் முழுவதற்கும் சமைத்து அடுக்கிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. புதன்கிழமைக்கே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், டப்பாவைத் திறந்தால் பழைய வாசமும் வரும். அதற்குப் பதில் பாதி வேலையை மட்டும் முடித்துவையுங்கள். வாங்குவதைக் காலையிலும் சமையலறை வேலையைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது.

கடைக்குப் போவதில் ஒன்றைக் கவனியுங்கள். திங்கட்கிழமை ஈரச்சந்தையில் பல கடைகள், முக்கியமாக மீன் கடைகள், மூடியிருக்கும். அதனால் மீனை ஞாயிற்றுக்கிழமை வாங்கி, சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இட்லி அரிசிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போனால் போதும், அதுவும் மாதம் ஒன்றிரண்டு தடவை. மற்றதெல்லாம் நம் புளோக் பக்கத்துச் சந்தையிலும் ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பேரங்காடிகளிலும் கிடைக்கும். சாய் சிம், கங்கோங் என்ற கீரைகள், தாவ் குவா என்ற கெட்டித் தோஃபு, தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி இவற்றையும் நம் சமையலுக்குள் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக்காயையும் புடலங்காயையும் தேடி அலைகிற நேரத்தில் சாய் சிம்மைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கி முடித்துவிடலாம்.

உறைந்த கோழியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தபோது பல வீடுகள் உறைந்த கோழிக்குப் பழகின. குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. எலும்பில்லாத தொடைக்கறி இரண்டு கிலோ வாங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு கரண்டி தயிர் சேர்த்துப் பிசறுங்கள். இரண்டு பைகளில் போட்டு, காற்றை வெளியேற்றி, புத்தகம்போல் தட்டையாக்கி உறையவையுங்கள். தட்டையான பை முதல்நாள் இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் மாலைக்குள் முழுதாக இளகியிருக்கும். உருண்டையாக உறையவைத்தது நடுவில் கல்லாகவே இருக்கும்.

இனி வார நாள்களைத் தாங்கப்போகிற தொக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றரை கிலோ பெரிய வெங்காயத்தை உரித்து, நாலாக வெட்டி, மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடிப்பொடியாக எடுத்துக்கொள்ளுங்கள். விழுதாக அரைத்துவிட்டால் கசக்கும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய அடிகனமான சட்டியில் 150 மில்லி லிட்டர் எண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் போட்டு, முதல் பத்து நிமிடம் மூடிவையுங்கள். வெங்காயம் தண்ணீர் விட்டுப் பாதியாகக் குறையும். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு, அவ்வப்போது கிளறி, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை இன்னும் 15 முதல் 20 நிமிடம் வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் தொக்கு முழுவதும் பச்சை வாசம் அடிக்கும்.

அடுத்து 100 கிராம் இஞ்சி பூண்டு விழுது, மூன்று நிமிடம். ஒன்றரை கிலோ தக்காளியை அரைத்து ஊற்றி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள் போடுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம். கரம் மசாலாவும் சீரகமும் சோம்பும்கூட இப்போது வேண்டாம். இது எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய தொக்காக இருக்க வேண்டும். சாம்பாருக்கும் போகும், சார்டினுக்கும் போகும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை 25 நிமிடம் சுண்டவிடுங்கள். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்தால் ஆறு கப் அளவு கிடைக்கும். ஒரு டப்பாவில் ஒரு கப். இரண்டு டப்பா ஃப்ரிட்ஜில், நான்கு ஃப்ரீசரில். ஃப்ரிட்ஜில் உள்ளதை மூன்று நாள்களுக்குள் எடுத்துவிடுங்கள்.

தொக்கு சுண்டும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் மூன்று கப் துவரம்பருப்பைக் குக்கரில் வேகவைத்து, மசித்து, மூன்று டப்பாவாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று ஃப்ரிட்ஜுக்கு, இரண்டு ஃப்ரீசருக்கு. பத்து முட்டை அவித்து ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். கேரட்டும் பீன்ஸும் நறுக்கி மூடிய டப்பாவில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கீரையையும் சாய் சிம்மையும் கழுவி, ஈரம் போக உலர்த்தி, சமையலறைக் காகிதத்தில் சுற்றிவையுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே அழுகும்.

தோசை மாவு கடையில் வாங்கினாலும் சரி, வீட்டில் அரைத்தாலும் சரி. அரைப்பவர்கள் இந்த ஊர்ச் சூட்டை மறந்துவிட வேண்டாம். இரவு பத்து மணிக்குக் கரைத்துவைத்தால் காலை ஆறுக்கே பொங்கி நிற்கும். வேலைக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மாலைவரை வெளியில் விட்டால் பிள்ளைகள் தொட முடியாத அளவுக்குப் புளித்துவிடும்.

ஒரு மாலை, நிமிடக் கணக்கில்

கோழிச் சொதியும் சோறும் என்று வைத்துக்கொள்வோம். காலையிலேயே அரிசியை அளந்து குக்கர் பாத்திரத்தில் உலர்வாகப் போட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டாம். இந்த வெப்பத்தில் பத்து மணி நேரம் ஊறினால் புளிப்பு தட்டும்.

6.40: கைகழுவிவிட்டு அரிசியைக் களைந்து, தண்ணீர் அளந்து, குக்கரைத் தட்டிவிடுங்கள். பை, காலணி, குளியல் எல்லாம் அதற்குப் பிறகு. முதல் பிள்ளை குளிக்கப் போகட்டும்.

6.45: அகலமான சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு துண்டு பட்டை, கறிவேப்பிலை, ஒரு டப்பா தொக்கு. அதில் சிறிய கட்டங்களாக நறுக்கிய உருளைக்கிழங்கு இரண்டு, நறுக்கிவைத்த கேரட் இரண்டு கைப்பிடி, இரண்டு கப் தண்ணீர், உப்பு. மூடி எட்டு நிமிடம். உருளையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டினால்தான் எட்டு நிமிடத்தில் வேகும்.

6.55: இளகிய கோழியை அதில் சேருங்கள். மூடி 12 நிமிடம். இந்த இடைவெளியில் பள்ளிப் பையில் இருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம், சின்னவனைக் குளிப்பாட்டலாம்.

7.07: ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் வெந்திருந்தால் 200 மில்லி லிட்டர் தேங்காய்ப்பால் பொட்டலம் ஒன்றை ஊற்றி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் தூவி, கொதி வரும் முன் இறக்குங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரியும்.

7.10: சோறு தயார். வெள்ளரிக்காயைப் பிள்ளைகளில் ஒருவர் நறுக்கித் தட்டில் அடுக்கட்டும். சாப்பிட உட்காரலாம்.

சோறு வேண்டாம் என்றால் இதே சொதிக்குக் கடையில் வாங்கிய இடியாப்பம் இன்னும் பொருத்தம். வெள்ளிக்கிழமை சைவம் பார்க்கும் வீட்டில் கோழிக்குப் பதில் பொரித்த தாவ் குவா போடுங்கள். அது வேக நேரமே வேண்டாம் என்பதால் பத்து நிமிடம் மிச்சம். புரட்டாசி மாதம் முழுவதும் சைவம் என்றாலும் தாவ் குவா, தெம்பே, பருப்பு, கொண்டைக்கடலை நான்கையும் மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைகளுக்குப் புரதச்சத்து குறையாது.

காரத்தை எங்கே வைப்பது

உறைப்பில்லாத சாப்பாடு பெரியவர்களுக்கு இறங்காது என்பது உண்மை. அதற்காகச் சட்டியையே காரமாக்கினால், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் தொடங்கிவிடும். நான் பரிந்துரைப்பது இரண்டு நிமிடத் தாளிப்பு. பிள்ளைகளுக்குப் பரிமாறிய பிறகு, சிறிய தாளிப்புக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, கடுகு, நாலு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளை அந்தச் சூட்டிலேயே போடுங்கள். அதைப் பெரியவர்களின் கிண்ணத்தில் ஊற்றினால் அதே சொதி வேறு குழம்பாகிவிடும். நூடல்ஸ் வகைக்குச் சம்பல், தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய், தோசைக்கு மிளகாய்ப்பொடி. மேசையில் மூன்று குப்பிகள் எப்போதும் இருக்கட்டும்.

ஐந்தாறு வயதானதும் பிள்ளைகளே கேட்பார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு துளி வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படித் தாமாகத் தேடி வந்த காரம் நன்றாகப் பிடிபடும்.

ஒரு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் உப்புப் போடும் முன்பே அதன் பங்கைத் தனியே எடுத்து மசித்துவிடுங்கள். அந்த வயதில் தேனும் கூடாது. நான்கு வயதுவரை முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, வட்டமாக வெட்டிய சாசேஜ் மூன்றும் தொண்டையில் சிக்கக்கூடியவை. திராட்சையை நெடுக்காக நாலாக வெட்டிக் கொடுங்கள்.

சுற்றில் வைக்க ஐந்து சாப்பாடுகள்

தினம் புதிதாக யோசிக்க வேண்டாம். திங்கள் என்றால் இது, செவ்வாய் என்றால் இது என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் கேள்வியே எழாது. கோழிச் சொதியைத் தவிர இன்னும் ஐந்து சொல்கிறேன்.

பருப்புச் சோறு. வேலையே இல்லாதது இதுதான். மூன்று கப் அரிசி, ஒரு கப் சிவப்பு மைசூர்ப் பருப்பு, ஒரு டப்பா தொக்கு, இரண்டு கைப்பிடி நறுக்கிய காய், உறைந்த பச்சைப்பட்டாணி ஒரு கைப்பிடி, உப்பு, ஒன்பது கப் தண்ணீர். எல்லாமே ரைஸ் குக்கர் கப் அளவு, எல்லாம் ஒன்றாக ரைஸ் குக்கருக்குள். மைசூர்ப் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. அரிசி வேகும் நேரத்துக்குள் தானும் குழைந்துவிடும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரைத்து வழியாது. இறக்கியதும் நெய், பொடித்த மிளகு சீரகம். கூட அப்பளம், அவித்த முட்டை. பல் முளைத்த குழந்தை முதல் தாத்தா பாட்டிவரை ஒரே சாப்பாடு.

சார்டின். 425 கிராம் டின் இரண்டு. சட்டியில் சோம்பு தாளித்து, தொக்கு ஒரு டப்பா, டின்னில் உள்ள தக்காளிச் சாறு, அரைக் கப் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் மீனை உடையாமல் வைத்து ஐந்து நிமிடம். இறக்கி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். டின் மீனின் முள் மென்மையாகிவிட்டதால் மசித்துச் சாப்பிடலாம். சுண்ணாம்புச்சத்துக்கு அது நல்லது. சோறு, ரொட்டி, உறைந்த பரோட்டா எதுவும் பொருந்தும். மீந்ததை மறுநாள் காலை ரொட்டிக்கு நடுவில் வைத்துவிடலாம். இந்த ஊரில் வளர்ந்த நம்மில் பலருக்குப் பள்ளிக்கால வாசனையே அதுதான்.

பீ ஹூன், அதாவது மெல்லிய அரிசி நூடல்ஸ். 400 கிராம் பொட்டலம் ஒன்று ஆறு பேருக்குப் போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட்டு 20 நிமிடம் விடுங்கள். சுடுதண்ணீரில் போட்டு மறந்தால் கூழாகும். இரண்டு தாவ் குவாவைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பொரித்து எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் ஐந்து முட்டையை உடைத்துக் கிளறி எடுங்கள். அப்புறம் பூண்டு, அரை டப்பா தொக்கு, மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒன்றரை கப் தண்ணீர். அது கொதித்த பிறகே பீ ஹூனைப் போட வேண்டும். அப்போதுதான் சாறு உள்ளே இறங்கும். நீளச் சாப்ஸ்டிக்கோ இரண்டு கரண்டியோ கொண்டு தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். சாய் சிம் தண்டு முதலில், இலை கடைசியில். முட்டையும் தாவ் குவாவும் மேலே. பெரியவர்களுக்குச் சம்பலும் ஒரு துண்டு எலுமிச்சையும்.

தோசை இரவு. தோசையில் நேரம் போவது சுடுவதில்தான். ஒரே கல்லில் ஆறு பேருக்குச் சுட்டால் சுடுபவர் கடைசிவரை உட்காரவே முடியாது. இரண்டு கல் வையுங்கள். மெல்லிய தோசைக்குப் பதில் தடிமனான ஊத்தப்பம், மேலே துருவிய கேரட்டும் வெங்காயமும், இல்லாவிட்டால் ஒரு முட்டை. ஆளுக்கு இரண்டு போதும். சாம்பாருக்கு ஒரு டப்பா பருப்பு, அரை டப்பா தொக்கு, புளிக்கரைசல், காய். பிள்ளைகளின் பங்கை எடுத்த பிறகு சாம்பார்ப்பொடி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

மீன் கஞ்சி. யாருக்காவது சளியோ காய்ச்சலோ வந்த வாரத்தில் இது கைகொடுக்கும். ஒன்றரை கப் அரிசி, 12 கப் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி. பெரிய பிரஷர் குக்கரில் பாதிக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடம் போதாவிட்டால் தண்ணீரைக் குறைத்து வேகவைத்துப் பிறகு சுடுதண்ணீர் கலக்கலாம். வெந்து குழைந்த கஞ்சியில் முள்ளில்லாத பாத்தாங் அல்லது குராவ் மீனை மெல்லிய வில்லைகளாகச் சேர்த்தால் நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். வறுத்த நெத்திலி, பொரித்த சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் ஒரு துளி. மீன் கடையிலேயே முள் நீக்கிக் கொடுக்கச் சொன்னாலும், விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

காய்கறி சாப்பிடாத பிள்ளை

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு மீன், இறைச்சி, முட்டை, பருப்பு போன்றவை. நம் வீடுகளில் சோறுதான் பாதித் தட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே நாளில் மாற்ற முடியாது. சாப்பாட்டுக்கு முன், சோறு வேகும் 20 நிமிடத்தில், பசியோடு சுற்றி வரும் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வெள்ளரி, கேரட், பப்பாளி வெட்டிவைத்துப் பாருங்கள். பிஸ்கட் டப்பாவை அந்த நேரத்துக்கு மறைத்துவிட வேண்டும். தட்டில் வைத்தால் ஒதுக்குகிற அதே காயைப் பசியில் நின்றபடியே தின்று தீர்ப்பார்கள். வெள்ளை அரிசியில் கால் பங்கு பழுப்பரிசியைக் கலந்து தொடங்குங்கள். அதை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து வேகும். அதற்கு நேரம் கிடைக்கிற வார இறுதியில் செய்யுங்கள்.

ஒரு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று எழுந்து போய் வேறு சமைக்காதீர்கள். சாப்பாட்டில் எப்போதும் ஒரு பொருளாவது அந்தப் பிள்ளை சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும், தயிரோ முட்டையோ. அது போதும்.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். நான்கு வயதில் கரண்டி, தட்டு எடுத்து வைக்கலாம். ஏழு வயதில் அரிசி களையலாம், முட்டை உரிக்கலாம். பத்து வயதில் சிறிய கத்தியால் வெள்ளரி நறுக்கலாம். பதின்மூன்று வயதுப் பையனோ பெண்ணோ பருப்புச் சோற்றை முழுதாகத் தனியே வைக்க முடியும். நீங்கள் ரயிலில் வரும்போதே வீட்டில் குக்கர் ஓடிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வேலையைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

மீந்ததைக் கையாளும் முறை

இதில் அலட்சியம் கூடாது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். நம் சமையலறை வெப்பம் அதற்குள்தான் வருகிறது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். முக்கியமாகச் சோறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு வெளியில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதுவே நாசி கோரெங்: நெத்திலி, முட்டை, பட்டாணி, கொஞ்சம் தொக்கு. குளிர்ந்த சோறுதான் உதிரியாக வறுபடும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

பள்ளி இடைவேளை டப்பாவுக்கும் இதே கவனம் தேவை. காலை ஆறரைக்கு நிரப்பியதை மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிள்ளை திறக்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் கலந்ததும் வேண்டாம். பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், சார்டின் இல்லாத எளிய ரொட்டி, பழம் போதும்.

சமைக்க முடியாத நாள்

வேலையிடத்தில் தாமதம், மழை, துணைப்பாட வகுப்பு, ஒரு பிள்ளைக்கு வாந்தி என்று ஏதாவது ஒரு நாள் வரத்தான் செய்யும். உணவங்காடி நிலையத்தில் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினால் ஆறு பேருக்குச் செலவு ஏறிவிடும். வீட்டில் சோறு மட்டும் வைத்துவிட்டு, கலவைச் சோற்றுக் கடையில் சோறில்லாமல் மூன்று பதார்த்தம் வாங்குங்கள்: ஒரு காய், ஒரு முட்டை அல்லது தாவ்ஹூ, ஒரு மீன் அல்லது கோழி. குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு மலாய்க் கடையிலும் இந்திய முஸ்லிம் கடையிலும் இப்படியே வாங்கலாம்.

கடைக்கும் போக முடியாத நாளுக்கு அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிவிடுங்கள்: சார்டின் டின் நான்கு, பீ ஹூன் இரண்டு, மைசூர்ப் பருப்பு ஒரு கிலோ, தேங்காய்ப்பால் நான்கு, வறுத்த நெத்திலி ஒரு குப்பி. ஃப்ரீசரில் பரோட்டா ஒரு பை, பட்டாணி ஒரு பை, இரண்டு டப்பா தொக்கு. இவற்றிலிருந்து எதை எடுத்தாலும் அன்றிரவே கடைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். தொக்கு ஒரு டப்பாவுக்கு வந்துவிட்டால், வருகிற ஞாயிறு வெங்காயம் வாங்க வேண்டிய நாள்.